தலைப்பாகை கட்டிய பிள்ளை தலை குனியலாமா?

அய்யா துணை



பதியிலும் நிழல் தாங்கலிலும் நம் ஆண்மக்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வணங்குகிறார்கள். மற்றக் கோவில்களில் தலையில் துண்டு இருந்தால் எடுத்து இடுப்பில் கட்டுவார்கள். நம் வழியில் மட்டும் ஏன் இப்படி என்று சிறு பிள்ளைகள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

திருவிதாங்கூர் அரசர் காலத்தில் நம் முன்னோரின் தலை சுமை தூக்குவதற்கு மட்டுமே என்று வைத்திருந்தார்கள். சும்மாடாகச் சுருட்டி வைத்தால் அந்தத் துணிக்குத் தடை இல்லை. அதே துணியை விரித்து மானத்தோடு தலையில் கட்டினால் குற்றம். அப்படிப்பட்ட தலையில்தான் அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். உன்னைப் படைத்தவன் முன்னாலேயே நீ நிமிர்ந்து நிற்கலாம் என்றால், வேறு எவன் முன்னால் நீ குனிய வேண்டும்? இதுதான் அந்தத் துண்டுக்குள் இருக்கும் உபதேசம்.

அந்தத் தலைப்பாகையைக் கட்டி உச்சிப்படிப்புக்கு வந்து நிற்கிற நம் பிள்ளைகளில் சிலர், வீட்டுக்குத் திரும்பியதும் தலை குனிந்து நடக்கிறார்கள். அவர்களைக் குனிய வைப்பது அரசனும் இல்லை, அந்நியனும் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. இந்த மாதம் இதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

சண்டை வேறு, கொடுமை வேறு

உடன்பிறந்தவர்கள் சண்டை போடாத வீடு உலகத்தில் இல்லை. பேனாவுக்குச் சண்டை, செல்போனுக்குச் சண்டை, பொரித்த மீனின் நடுத்துண்டுக்குச் சண்டை. காலையில் அடித்துக்கொள்வார்கள், மாலையில் ஒரே சைக்கிளில் போவார்கள். இன்று இவன் அடிப்பான், நாளை அவன் அடிப்பான். இந்தச் சண்டையில்தான் பிள்ளைகள் பேசவும், விட்டுக்கொடுக்கவும், கேட்டு வாங்கவும் பழகுகிறார்கள். இதைப் பார்த்து நாம் பயப்பட வேண்டாம்.

நான் சொல்வது வேறொன்று. எப்போதும் ஒரே பிள்ளை அடிக்கும், எப்போதும் ஒரே பிள்ளை அடி வாங்கும். ஒருவன் பெரியவன், பலசாலி, அல்லது நாக்கு நீளமானவன். மற்றவனால் திருப்பிக் கொடுக்க முடியாது. வலிக்க வேண்டும் என்று தெரிந்தே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவனிடம் செய்வது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது சண்டை இல்லை, கொடுமை. பள்ளிகளில் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் வதைப்பதை ஆராய்ந்தவர்களும் இந்த மூன்று அடையாளங்களைத்தான் சொல்கிறார்கள்.

பள்ளியில் இது நடந்தால் பெற்றோர் ஓடிப்போய்த் தலைமை ஆசிரியரைப் பார்ப்பார்கள். வீட்டுக்குள் நடந்தால், "அண்ணன் தம்பிக்குள்ளே ஆயிரம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடுகிறோம். அடிபடுகிற பிள்ளைக்குப் பள்ளி நாலு மணிக்கு முடிந்துவிடும். வீடு முடிவதே இல்லை. ஒரே அறையில்தான் படுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பல ஆயிரம் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்தே தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. 12 வயதில் உடன்பிறந்தவர்களால் வாரத்தில் பலமுறை வதைக்கப்பட்டவர்கள், 18 வயதில் மனச்சோர்வுக்கு ஆளாவதும் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வதும் மற்றவர்களைவிட ஏறக்குறைய 2 மடங்கு என்று 2014-ல் அதிலிருந்து சொன்னார்கள். வீட்டில் வதைபடும் பிள்ளைதான் பள்ளியிலும் அதிகம் வதைபடுகிறது என்பதையும் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். வீட்டில் குனிந்து பழகிய கழுத்து வெளியிலும் குனிந்தே நடக்கும். குனிந்து நடப்பவனைத்தான் வம்புக்காரன் தேடி வருவான்.

பெயரைப் பிடுங்குவது

அய்யா 1809-ல் மனித உடலில் பிறந்தபோது பெற்றவர்கள் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். முடி என்றும் பெருமாள் என்றும் இந்தக் குலத்தில் ஒரு பிள்ளைக்குப் பெயரா என்று அன்றைய மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெற்றவர்கள் முத்துக்குட்டி என்று பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம் முதலில் பிடுங்கப்பட்டது நிலமும் இல்லை, பொருளும் இல்லை, பெயர்தான். ஒருவனைத் தாழ்த்த நினைப்பவன் முதலில் அவன் பெயரில்தான் கைவைப்பான்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குண்டாக இருந்தால் ஒரு பெயர், கறுப்பாக இருந்தால் ஒரு பெயர், திக்கிப் பேசினால் ஒரு பெயர், கண்ணாடி போட்டால் ஒரு பெயர். முதலில் வைப்பது அண்ணனோ அக்காவோ. சிரிப்பது நாம். "நல்லாத்தான் வச்சிருக்கான்" என்று பெரியவர்களும் அதே பெயரில் கூப்பிட்டால், அந்தப் பெயருக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு தாங்கலில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பந்தியில் பரிமாற வருவான். வேலையில் சுறுசுறுப்பு. ஆனால் யார் முகத்தையும் பார்க்க மாட்டான். கூட இருக்கும் பையன்கள் ஒரு பட்டப்பெயரில் அவனைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை இங்கே நான் எழுதமாட்டேன். எழுதினால் இன்னொரு முறை கூப்பிட்டதாகிவிடும். ஒருநாள் அவன் அம்மா வந்து, "மூணு வாரமாப் பள்ளிக்கூடம் போகமாட்டேங்கான், வயிறு வலிங்கான், ஆசுபத்திரியில ஒண்ணும் இல்லேங்கிறாங்க" என்று அழுதார்கள்.

விசாரித்தால், அந்தப் பெயர் வீட்டில் பிறந்தது. இரண்டு வயது மூத்த அண்ணன் வைத்தது. அண்ணனின் நண்பன் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனான். வகுப்பே கூப்பிட்டது. கடைசியில் அவனுடைய நோட்டுப் புத்தகத்தின் மேல் அவன் பெயரை அடித்துவிட்டு அதை எழுதி வைத்தார்கள். வீட்டில் தொடங்கியது தெருவைச் சுற்றிவிட்டு, வீட்டு வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டது.

அந்தத் தாங்கலின் பணிவிடையாளர் யாரையும் திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்திக்கு முன் பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்து, அய்யாவின் பெயர் மாறிய வரலாற்றைச் சொன்னார். "இந்த முற்றத்தில் பெற்றவர் வைத்த பெயர் தவிர வேறு பெயர் கிடையாது" என்றார். பிறகு அண்ணனைத் தனியாக அழைத்துக் கேட்டார். அவன் முதலில் சிரித்தான். பிறகு அழுதான். அவனை அவன் அப்பா தினமும் சித்தப்பா மகனோடு ஒப்பிட்டு, "அவன் மார்க்கைப் பாரு, நீயும் இருக்கியே" என்று சாப்பாட்டுத் தட்டின் முன் வைத்துச் சொல்லி வந்திருக்கிறார். மேலேயிருந்து வந்த அடியை அவன் கீழே இறக்கிவிட்டிருக்கிறான். இன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி பள்ளிக்குப் போகிறான். பணிவிடையாளரும் அவன் அம்மாவும் சேர்ந்து போய் வகுப்பு ஆசிரியரைப் பார்த்தார்கள். அப்பாவும் சாப்பாட்டு நேரத்தில் மார்க் பேச்சை நிறுத்தியிருக்கிறார். அதுவே பெரிய காரியம்.

அஸ்தினாபுரத்து முற்றம்

அய்யாவுக்கு ஐந்து சீடர்கள். பாண்டவர் ஐவரின் பெயர்களால் அவர்களை அழைக்கிறோம். அகிலத்திரட்டு அம்மானையை 1841-ல் ஏட்டில் எழுதிய அரிகோபாலன் சீடரைச் சகாதேவன் சீடர் என்கிறோம். வேறு வேறு வீட்டில் பிறந்தவர்களை அய்யா உடன்பிறந்தார் ஐவராக்கினார். நாமோ உடன்பிறந்தவர்களை வேறு வேறு வீட்டாராக வளர்க்கிறோம்.

பாரதக் கதையில் குருச்சேத்திரப் போரைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்தப் போர் எங்கே தொடங்கியது? அரண்மனை முற்றத்தில், பிள்ளை விளையாட்டில். சிறுவன் பீமன் உடல்பலம் மிக்கவன். கௌரவப் பிள்ளைகள் மரத்தில் ஏறிப் பழம் பறித்தால் மரத்தை உலுக்கி விழ வைப்பான். குளிக்கும்போது தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பான். அவன் மனதில் பகை இல்லை, விளையாட்டுத்தான். விழுந்தவர்களுக்கு அது விளையாட்டாக இல்லை. துரியோதனன் மனதில் அது விஷமாக ஊறியது. ஒருநாள் அந்த விஷத்தைச் சோற்றிலேயே கலந்து கொடுத்துப் பீமனைக் கங்கையில் தள்ளினான். பீமன் பிழைத்தான், பகை பிழைத்தது, கடைசியில் குலம் பிழைக்கவில்லை.

அந்த முற்றத்தில் பெரியவர்கள் இல்லையா? பீஷ்மர் இருந்தார், விதுரர் இருந்தார், திருதராட்டிரர் இருந்தார். திருதராட்டிரருக்குக் கண் இல்லை என்பது ஒரு குறை. தன் பிள்ளை செய்வதைக் காண மனம் இல்லை என்பது பெருங்குறை. கண் இருந்தும் அந்த இரண்டாவது குறை உள்ளவர்களாக நாம் இருக்கலாகாது.

பலசாலிப் பிள்ளையைப் பெற்றவர்களும் இதைக் கேளுங்கள். "என் பிள்ளை சும்மா விளையாட்டுக்குத்தான் செய்வான்" என்றால், மரத்தின் மேலிருந்து விழுந்தவனைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆறு துண்டுகள்

குறோணியின் கதை நமக்குத் தெரியும். கடல் நீரைக் குடித்தும் பசி அடங்காமல் கயிலையையே விழுங்க வந்தவன். திருமால் அவனை ஆறு துண்டாக வெட்டினார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் ஒவ்வொரு பெயரில் பிறந்தது. ஒரு யுகத்தில் இரணியன், அடுத்த யுகத்தில் இராவணன், அதற்கடுத்து துரியோதனன், கடைசியில் கலி. பெயர் வேறு, உருவம் வேறு, துண்டு அதே குறோணியின் துண்டு.

நம் பிள்ளைகளின் வாழ்க்கையிலும் இதைப் பார்க்கலாம். ஐந்து வயதில் தம்பியின் பொம்மையை உடைப்பதாகப் பிறக்கும். கவனிக்காவிட்டால் பன்னிரண்டு வயதில் பட்டப்பெயராகப் பிறக்கும். பதினைந்து வயதில் பள்ளியில் ஒரு பலவீனமான பிள்ளையைச் சுற்றி நிற்கும் கூட்டமாக, வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் படமாகப் பிறக்கும். கல்லூரி விடுதியில் ராகிங் என்று பிறக்கும். கல்யாணமான பிறகு பெண்டாட்டி மேல் ஓங்கும் கையாகப் பிறக்கும். சொத்துப் பாகம் பிரிக்கும் நாளில் அண்ணன் தம்பி வழக்காகப் பிறக்கும். முதல் யுகத்திலேயே பார்த்துச் சரிசெய்வது நல்லது.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. அடிக்கிற பிள்ளை கலியன் இல்லை. கலி அந்தப் பிள்ளை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இறக்கிவிட வேண்டியது கலியை. பிள்ளையை மிதித்தால் கலி இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

பொறுமை என்பது எது?

"அய்யா பொறுமையாக இருக்கத்தானே சொன்னார்? அப்படியானால் அடிபடும் பிள்ளையைப் பொறுத்துப்போகச் சொல்வது சரிதானே?" என்று சிலர் கேட்பார்கள். பல வீடுகளில் அம்மா சொல்வதும் இதுதான்: "மக்களே, அவன் உனக்க அண்ணன்தானே, விட்டுக் குடு."

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். அரசனின் சேவகர்கள் அய்யாவைக் கட்டி இழுத்துச் சென்றபோது, எதிர்க்கத் துணிந்த மக்களைப் பொறுமையாக இருக்கச் சொன்னார் அய்யா. உண்மை. ஆனால் அடிபட்டவர்களிடம் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு அய்யா போய்விட்டாரா? தலைப்பாகை கட்டச் சொன்னார். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாய்க் குளிக்கவும் குடிக்கவும் செய்தார். வாகைப்பதியில் 700 குடும்பங்களை ஒரே இடத்தில் சேர்த்துத் துவையல் தவசு இருக்கச் செய்து, தங்களைத் தாங்களே மதிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். தாழ்ந்து போனவனைக் கைதூக்கி நிறுத்துவதைத்தான் தர்மம் என்று வைத்தார்.

பலம் உள்ளவன் கையை அடக்குவது பொறுமை. பலம் இல்லாதவன் வாயை மூடுவதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தால் அது அடக்குமுறை. விட்டுக்கொடுக்கச் சொன்னால் இருவருக்கும் சொல்லுங்கள். ஒரே பிள்ளையிடம் எப்போதும் சொன்னால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது விட்டுக்கொடுப்பதை இல்லை. "எனக்கு வலித்தால் யாருக்கும் கவலை இல்லை" என்பதைத்தான்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, ஒப்பிடாதீர்கள். அக்கா வெளுப்பு, தங்கச்சி கறுப்பு; மூத்தவன் படிப்பான், இளையவன் படிக்க மாட்டான்; இந்தப் பேச்சு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. விருந்துக்கு வந்த சொந்தக்காரர் சொன்னாலும், "எங்க வீட்டில் அப்படிப் பேசுவதில்லை" என்று பிள்ளையின் காது கேட்கச் சொல்லுங்கள். அன்னதர்மப் பந்தியில் பெரியவர், சிறியவர் என்று பார்த்தா சோறு வைக்கிறோம்? எல்லோருக்கும் ஒரே கரண்டிதான்.

இரண்டு, பட்டப்பெயரை வீட்டில் தடை செய்யுங்கள். நாமும் கூப்பிடக் கூடாது.

மூன்று, அடி விழுந்த பிறகு யார் முதலில் தொடங்கினார் என்ற வழக்கை மட்டும் நடத்தாதீர்கள். இருவரையும் பிரித்துவிட்டு, தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் அங்கே இருக்க வேண்டாம். பயந்த பிள்ளை பயமுறுத்தியவன் முன்னால் உண்மை சொல்லாது.

நான்கு, மூத்த பிள்ளையிடம் தம்பி தங்கையை அடக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். "கேக்கலேன்னா ரெண்டு போடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகும் வீடுகள் இருக்கின்றன. பிரம்பைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அடித்தான் என்று குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுக்கலாம், தண்டிக்கும் அதிகாரம் பெற்றவர்களுடையது.

ஐந்து, அடையாளம் பாருங்கள். நன்றாகப் பேசிய பிள்ளை பேச்சைக் குறைத்தாலும், காரணமில்லாத வயிற்றுவலியும் தலைவலியும் திங்கட்கிழமைகளில் வந்தாலும், புத்தகம், காசு, சட்டைப் பொத்தான் அடிக்கடி காணாமல் போனாலும், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது போல ஒரு வார்த்தை சொன்னாலும் அதைச் சும்மா விடாதீர்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால் அன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. திருமண் இடுவதையும் பதம் கொடுப்பதையும் விடாமல் செய்யுங்கள், அதோடு மருத்துவரையும் பாருங்கள். ஒன்று மற்றொன்றுக்குத் தடை இல்லை.

பிள்ளைகளுக்கு

மூத்த பிள்ளைகளே, உங்கள் கையில் இருக்கும் பலம் உங்களுக்காக மட்டும் தரப்பட்டது இல்லை. தெருவில் ஒருவன் உன் தம்பியைத் தொட்டால் நீ சும்மா இருப்பாயா? இருக்க மாட்டாய். அப்படியானால் தெருக்காரன் செய்யக் கூடாததை வீட்டில் நீ ஏன் செய்கிறாய்? துரியோதனனுக்குத் தம்பிமார் 99 பேர். அத்தனை பேரில் சபையில் எழுந்து, இது அநியாயம் என்று சொன்னவன் விகர்ணன் ஒருவன். உன் நண்பர்கள் உன் தங்கையைக் கேலி செய்யும்போது நீ அந்த 98 பேரில் ஒருவனாகச் சிரிக்கப்போகிறாயா, விகர்ணனாக எழுந்து நிற்கப்போகிறாயா?

அடிபடும் பிள்ளைகளே, சொல்லுங்கள். அம்மா கேட்கவில்லை என்றால் அப்பாவிடம், அப்பா கேட்கவில்லை என்றால் ஆச்சியிடம், ஆசிரியரிடம், தாங்கலில் பணிவிடை செய்கிறவர்களிடம். ஒருவர் கேட்கும்வரை சொல்லுங்கள். சொல்வது கோள் இல்லை. ஒருவனை மாட்டிவிடச் சொன்னால்தான் கோள். உன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது உன் உரிமை.

நம் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வணங்க வருகிறவர் முகம் அதில் தெரியும். இறைவன் உனக்குள் இருக்கிறான் என்பதைச் சொல்ல அய்யா கற்சிலை வைக்கவில்லை, உன் முகத்தையே வைத்தார். அந்தக் கண்ணாடியில் தெரியும் முகத்தைத்தான் அவர்கள் கறுப்பு என்றார்கள், குண்டு என்றார்கள், எதற்கும் உதவாது என்றார்கள். அய்யா அந்த முகத்தின் நெற்றியில் திருநாமம் இடச் சொன்னார். யார் சொல்வதை நீ நம்பப்போகிறாய்?

பெரியவர்களே, அடுத்த முறை பிள்ளைகளைத் தாங்கலுக்கு அழைத்து வரும்போது, அண்ணன் கையால் தம்பிக்குத் தலைப்பாகை கட்டிவிடச் சொல்லுங்கள். தம்பி கையால் அண்ணன் நெற்றியில் திருநாமம் இடச் சொல்லுங்கள். அக்காவும் தங்கையும் ஒருவருக்கொருவர் நாமம் இட்டுக்கொள்ளட்டும். சின்னக் காரியம்தான். ஒருவன் தலைக்குத் துண்டு கட்டிவிட்ட கை, அதே தலையில் குட்டுவதற்குக் கொஞ்சம் யோசிக்கும்.

தர்மயுகம் வரும் என்று நாம் காத்திருக்கிறோம். அது வரும்போது நம் வீட்டுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டாமா? அந்த வாசலை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து திறந்து வைக்கட்டும்.

அய்யா உண்டு.